டெஸ்மண்டின் வியாழக்கிழமைகள்

ரயிலில் நின்றுகொண்டே தூங்குவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் டெஸ்மண்ட் ஹர்லிதான். மேலே தொங்கும் வளையத்தை விரலால் பிடிக்கக் கூடாது. தூக்கத்தில் விரல் தளர்ந்துவிடும். மணிக்கட்டை உள்ளே மாட்டிக்கொண்டால் உடம்பு தானே தொங்கும், இறங்குகிற இடம் வரை நிம்மதி. எனக்கு அது நன்றாகவே கைவந்தது. ஒருமுறை கடைசி நிலையம் வரை போய், சுத்தம் செய்ய வந்த அம்மாள் தட்டி எழுப்பினார்.

நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். அவரை எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பகுதிநேர ஆசிரியர்களுக்கு ஒருவரை ஒருவர் ரயிலில்தான் தெரியும். காலையில் ஒரு பல்கலைக்கழகம், மதியம் இன்னொன்று. உட்கார எங்களுக்கென்று ஒரு நாற்காலி எங்கும் கிடையாது. ஒரு பூட்டுப் பெட்டி தருவார்கள், அதில் குடை வைக்கலாம்.

என் பெயர் நெனிதா பல்மாரெஸ். சொந்த ஊர் பிலிப்பைன்ஸில் இலோய்லோ. நான்கு பல்கலைக்கழகங்களில் வகுப்பெடுக்கிறேன் என்று சொன்னால் ஊரில் வாயைப் பிளப்பார்கள். என் தங்கை கடைத்தெருவில் "எங்கக்கா ஜப்பான்ல புரொபசர்" என்றுதான் என்னைப் பற்றிப் பேசுவாள். நான் திருத்தியதில்லை. வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி, வகுப்பில் நிற்கிற நேரத்துக்கு மட்டும். பாடம் தயாரிக்க, விடைத்தாள் திருத்த, ரயிலில் தொங்க எதுவும் இல்லை. விடுமுறை வந்தால் மாணவர்களுக்குக் கொண்டாட்டம், எங்களுக்கு வருமானம் நின்றுவிடும். ஓய்வூதியம், போனஸ் என்றெல்லாம் பேச்சே கிடையாது. இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. தெரிந்துதானே கையெழுத்துப் போட்டேன்.

எங்களைப் போன்றவர்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் இருக்கிறது. ஒரே இடத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தால் நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்கலாம். நல்ல சட்டம். அது வந்த பிறகு ஐந்தாவது வருடம் முடிவதற்குள் எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். போன வசந்த காலத்தில் இரண்டு இடங்களில் எனக்கு அப்படிச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஓர் அலுவலகப் பெண் எனக்காகக் கண்கூடக் கலங்கினாள். அடுத்த மார்ச்சோடு சரி. அதன்பின் மிச்சமிருப்பதை வைத்துக்கொண்டு என் விசாவைப் புதுப்பிக்க முடியாது. இன்னொரு பல்கலைக்கழகத்தின் வியாழக்கிழமை நான்கு வகுப்புகள் கிடைத்தால் முடியும். அந்த நான்கும் டெஸ்மண்டுடையவை.

அங்கே எனக்கு ஏற்கெனவே வேறொரு நாளில் ஒரு சின்ன வகுப்பு இருந்தது. அதை வாங்கிக்கொடுத்ததும் அவர்தான். இந்த வேலைகள் விளம்பரத்தில் வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. உள்ளே இருக்கிற ஒருவர் வாய் திறந்து, இன்னாரை எடுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னவரே அதற்குப் பிணை. என் முகத்தைப் பார்த்தால் இங்கே யாருக்கும் ஆங்கிலம் ஞாபகம் வருவதில்லை. மஞ்சள் தலைமுடியோடு நேற்று விமானத்தில் வந்து இறங்கிய பையனுக்கு முன்னால் என் இருபது வருட அனுபவம் எடுபடாது. டெஸ்மண்ட் நியூசிலாந்துக்காரர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆகிருதி. பேராசிரியர் குராமோச்சி முன்னால் போய் நின்று, "இந்தப் பொண்ணு ஒரு தப்பு பண்ணா நான் உங்க முன்னாடி தலையைக் குனிஞ்சு நிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். அன்று எனக்கு நாற்பத்தேழு வயது. பொண்ணு என்றார்.

கோடையின் கடைசியில் அவருக்கு இருதயத்தில் அறுவைச் சிகிச்சை. பழுதான வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். முதல் நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மருத்துவமனை உடுப்பில் முழங்கால் தெரிய உட்கார்ந்திருந்தார்.

"நெனி, வியாழக்கிழமையை நீ பாத்துக்க. நான் வர்ற வரைக்கும் துண்டு போட்டு வெச்சிரு."

"போட்டு வெக்கிறேன். நீங்க முதல்ல முழங்காலை மூடுங்க."

"வாக்குக் குடு. இந்த நர்சுங்களையெல்லாம் நம்ப முடியாது, உன்னை நம்பறேன்."

கொடுத்தேன். அது என் கடமையும்கூட. ஒருவரால் வேலைக்கு வந்தவர், அவருக்கு முடியாதபோது அவர் இடத்தில் நிற்பதுதான் எங்கள் வழக்கம்.

அக்டோபரில் ஒருநாள் குராமோச்சி பேராசிரியர் காப்பி இயந்திரத்துக்கு முன்னால் என்னை நிறுத்தினார். அவர் நல்லவர், எதையும் பூசி மெழுகியே பேசுவார். அன்றைக்கு, ஆசிரியர் என்று என்னை மரியாதையாக விளித்து, நேராகச் சொன்னார். "ஹர்லி-சான் திரும்பி வந்தா வகுப்பு அவருக்குத்தான். வர முடியலேன்னா வேற ஆளெல்லாம் தேட மாட்டோம், பல்மாரெஸ்-சென்செய். இத்தனை நாள் பாத்துக்கிட்டவங்க நீங்க. அது முறை." எனக்கு ஒரு காப்பியும் வாங்கிக் கொடுத்தார். சூடாக இருந்தது. குடிக்காமல் வகுப்புவரை கையிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

டெஸ்மண்ட் வீடு திரும்பிய நாளில் மொழிபெயர்க்க நான் போனேன். முப்பது வருடமாக இந்த நாட்டில் இருந்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். நாள் முழுக்க வகுப்பில் ஆங்கிலம், ஆசிரியர் அறையில் ஆங்கிலம். வகுப்பில் ஜப்பானிய மொழி பேசாதீர்கள் என்று பல்கலைக்கழகமே சொல்லும். பீர் வாங்கவும், டாக்சிக்காரரோடு சிரிக்கவும் அவருக்கு வரும். அதற்கு மேல் தலையை ஆட்டிச் சமாளிப்பார். அதிலும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கொஞ்சம் மந்தமாக இருந்தார்.

மருத்துவர் இளைஞர். என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். நோயாளி பக்கத்தில் ஒரு பெரிய பொட்டலம்போல உட்கார்ந்திருந்தார். உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரையை ஒரே நேரத்தில் போட வேண்டும், பல் பிடுங்குவதென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் அவருக்குச் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மருத்துவர் நாட்டோவைப் பற்றி ஆரம்பித்தார்.

நாட்டோ என்ற சொல் காதில் விழுந்ததும் டெஸ்மண்டின் முகம் மலர்ந்தது. வெளிநாட்டவர் யாரைப் பார்த்தாலும் உங்கள் ஊர்க்காரர்கள் முதலில் கேட்கிற கேள்வி அதுதானே. அந்த நொதித்த சோயாபீன்ஸை, அந்த நாற்றத்தோடும் நூல்நூலாக இழுபடுவதோடும் உங்களால் சாப்பிட முடியுமா என்று. முடிவெட்டுகிறவர் கேட்பார், வீட்டுக்காரர் கேட்பார், வேலைக்கான நேர்காணலிலும் கேட்பார்கள். முப்பது வருடமாக அந்தக் கேள்விக்கு டெஸ்மண்டிடம் ஒரே பதில். மருத்துவரைப் பார்த்து, அழகான ஜப்பானிய மொழியில், "ரொம்பப் பிடிக்கும்!" என்றார். செவிலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மருத்துவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து விளக்கினார். வால்வில் இரத்தம் கட்டாமல் இருக்கத்தான் இந்த மாத்திரை. நாட்டோ அந்த மாத்திரையை வேலை செய்யவிடாது, ஒரு டப்பா சாப்பிட்டாலும் பல நாள். கட்டிய இரத்தம் உடைந்து நகர்ந்தால் மூளைக்குப் போகும். "இனிமே வாழ்நாள் முழுக்கக் கூடாது. அவருக்கு நல்லாப் புரியிற மாதிரி எடுத்துச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

"என்னவாம்?" என்றார் டெஸ்மண்ட்.

"வெளிநாட்டுக்காரர் நாட்டோ சாப்பிடறது ரொம்ப ஆச்சரியமா இருக்காம்."

"பாத்தியா! இவங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஆச்சரியம் தீராது."

அது வாயில் தானாக வந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்த மனிதரை அந்த இடத்தில் வாட வைப்பானேன், பேருந்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சொல்லத்தான் நினைத்தேன். பேருந்தில் உட்கார்ந்ததும் அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "ஏப்ரல்ல வந்துடுவேன், நெனி. அந்தக் காலேஜ்ல எழுபது வயசு வரைக்கும் பகுதிநேரம் வெச்சுக்குவாங்க. அதுவரைக்கும் என்னை யாராலும் அசைக்க முடியாது, பாத்துக்க." அவருக்கு அப்போது அறுபத்து மூன்று. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுத் தோட்டங்களில் சீமைப் பனிச்சை பழுத்துக் கிடந்தது, பறிக்க ஆளில்லாமல். பேருந்தில் கூட்டமும் அதிகம்.

மருந்துக் கடைப் பையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை அச்சடித்திருந்தார்கள். மாத்திரைகளை எடுத்து, ஏழு கிழமைக்கும் ஏழு அறை உள்ள டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். தனக்குச் சொந்தத் தங்கை இல்லையென்று யார் சொன்னது என்று டெஸ்மண்ட் கேட்டார். ஆங்கிலத்தில்தான், ஆனால் அப்படித்தான் கேட்டார்.

அடுத்த வியாழக்கிழமை அவருடைய வகுப்புகளை முடித்துவிட்டு நான் ரயிலடியில் நின்றபோது அவரிடமிருந்து போன் வந்தது.

"வர்றப்ப நாட்டோ வாங்கிட்டு வா. ஆஸ்பத்திரியில கண்ணுலயே காட்டல, பாவிங்க."

கடையில் அந்தக் குளிர்பெட்டிக்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பின்னால் ஒரு பெண் கூடையோடு மன்னிப்புக் கேட்டாள், நான் வழியை மறைத்துக்கொண்டிருந்தேன். எடுத்துக்கொண்டேன். மூன்று டப்பாக்கள் ஒட்டிய ஒரு கட்டு. கடையிலேயே மலிவான பொருள் அதுதான். ஏழைப்பட்ட ஆசிரியர்கள் இருவருக்கும் கட்டுப்படியாகக்கூடியது.

நான் ஊட்டிவிடவில்லை. அவரே குச்சியால் நுரை வரும்வரை கிளறி, கடுகு விழுது விட்டு, சுடுசோற்றில் கொட்டிச் சாப்பிடுவார். எனக்கு அந்த வாடையே ஆகாது, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்வேன். அதன்பின் ஒவ்வொரு வியாழனும் வாங்கிப்போனேன். கடை அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நான் வாங்காவிட்டால் அவரே நடந்துபோய் வாங்கியிருப்பார். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன், இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

நீங்கள்கூட, இங்கே என்னைக் கூட்டிவந்த முதல் நாள், நாட்டோ சாப்பிடுவீர்களா என்று கேட்டீர்கள். எனக்கு வியர்த்துவிட்டது. விசாரணை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். நீங்கள் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டீர்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். ஒரு கல்லூரியில் என் பெயரைக் கேட்டதும் எந்த நாடு என்றார்கள். சொன்னதும் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். இன்னோர் இடத்தில் ஐம்பதுக்கு மேல் எடுப்பதில்லை. சாப்பாட்டுப் பெட்டி கட்டுகிற தொழிற்சாலையில் ஆள் வேண்டும் என்று பலகை தொங்கியது. என் விசாவுக்கு அந்த வேலையும் செய்யக் கூடாது. இலோய்லோவுக்குத் திரும்பிப் போகலாம். போய் என்ன செய்வது? நான் அனுப்பிய பணத்தில் கட்டிய வீட்டில் தங்கையின் பிள்ளைகள் ஆளுக்கோர் அறையில் இருக்கிறார்கள், எனக்கென்று ஓர் அறை அதில் இல்லை. கழிவறையில் உட்கார்ந்து, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை இங்கே யாரும் பட்டிருக்க மாட்டார்கள், டெஸ்மண்டைத் தவிர. அவருக்கு அது புரிந்திருக்கும். அவரிடம்தான் சொல்ல முடியவில்லை.

டிசம்பரில் பரிசோதனைக்குப் போனோம். இரத்தம் இளக வேண்டிய அளவுக்கு இளகவே இல்லையென்று மருத்துவர் கவலைப்பட்டார். என்னைப் பார்த்துக் கேட்டார். "நாட்டோ எதுவும் சாப்பிடலையே?"

டெஸ்மண்ட் முந்திக்கொண்டார். கட்டை விரலை உயர்த்தி, "ரொம்பப் பிடிக்கும்!"

இந்த முறை மருத்துவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பாவம், ஆசை இன்னும் விடல போல."

"ஆசைதான். நான்தான் கண்ணுல காட்டறதில்ல" என்றேன்.

"உங்களை மாதிரி ஒருத்தர் கூட இருக்கீங்களே, அவர் குடுத்து வெச்சவர்."

மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். அதை நான் சரியாக மொழிபெயர்த்தேன், சரியாகவே டப்பாவில் போட்டேன். மருந்தில் நான் ஒருநாளும் கை வைத்ததில்லை. வெளியே வந்ததும் டெஸ்மண்ட், "டாக்டர் என்ன சொல்லிச் சிரிச்சார்?" என்றார். நீங்கள் கொடுத்து வைத்தவராம் என்றேன். "அது எனக்கே தெரியுமே" என்று என் தலையில் செல்லமாகக் குட்டினார்.

ஜனவரியில் பனி கொட்டியது. பருவத்தின் கடைசி வியாழன். மதிய இடைவேளையில் பகுதிநேர ஆசிரியர்களின் அறையில் சோற்று உருண்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவர்தான். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல ஒரு குரல். என் பெயரைச் சொல்லப் பார்த்தார், முதல் எழுத்தைத் தாண்டவில்லை. இன்னொரு தடவை முயன்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நீங்கள் இதைச் சுற்றிச் சுற்றிக் கேட்க வேண்டாம்.

மதியத்துக்குப் பிறகு இரண்டு வகுப்புகள் பாக்கி. ஒரு பருவத்துக்குப் பதினைந்து தடவை வகுப்பு நடந்தே ஆக வேண்டும், அதில் யாருக்கும் விலக்கு இல்லை. ரத்து செய்தால் ஒரு சனிக்கிழமை வந்து ஈடுகட்ட வேண்டும், அதற்குக் கூலி கிடையாது. அதோடு காரணமும் எழுதிக் கொடுக்க வேண்டும். முப்பது வருடத்தில் டெஸ்மண்ட் ஒரு வகுப்பைக்கூட ரத்து செய்தவரில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு. நான் போனில், "படுத்துக்குங்க, வந்துடறேன்" என்றேன். வைத்துவிட்டுப் பாடம் எடுக்கப் போனேன். உணவகத்தில் என்ன வேண்டும் என்று கேட்டு வாங்குவது அன்றைய பாடம். பிள்ளைகள் நன்றாகப் பேசினார்கள். முடிவில் ஹர்லி-சென்செய்க்கென்று ஓர் அட்டை கொடுத்தார்கள், சீக்கிரம் குணமாகி வாருங்கள் என்று எல்லோரும் எழுதி, பூவெல்லாம் வரைந்திருந்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர்கிட்ட மறக்காம குடுத்துடுங்க, சென்செய்" என்றாள்.

மறக்கவில்லை. அதை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். சமையலறைத் தரையில் கிடந்தார். உயிர் இருந்தது. ஒரு கண் என்னையே பார்த்தது. என்னைக் கண்டதும் அதில் ஒரு நிம்மதி தெரிந்தது, இன்ஸ்பெக்டர். நான் வந்துவிட்டேன் என்ற நிம்மதி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மற்றதெல்லாம் தாங்கிவிட்டேன்.

வந்தவர்கள் அவரைத் தூக்கும்போது அவர்களில் ஒருவர் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் பார்த்தார். பனியால் சில வாரமாகக் குப்பை வண்டி வரவில்லை. குப்பை விஷயத்தில் டெஸ்மண்ட் அக்கம்பக்கத்தில் பெயர் வாங்கியவர். நாட்டோ டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கழுவி, காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார். கோபுரம்போல நின்றன. அந்த ஆள் அதைப் பார்த்தார், மேசையில் இருந்த மாத்திரைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பார்த்ததையெல்லாம் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து டெஸ்மண்ட் போய்விட்டார்.

இறுதிச் சடங்கில் குராமோச்சி பேராசிரியர் எனக்கு முன்னால் குனிந்து, ஏப்ரலிலிருந்து வியாழக்கிழமை உங்களுடையது என்றார். நானும் குனிந்தேன். நீங்கள் வந்து கதவைத் தட்டியபோது அவருடைய மாணவிகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மீதியை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன், நீங்கள் விடவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போய்ச் சேர்ந்ததா என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நீங்கள் எழுதவேண்டியதை நானே சொல்லிவிடுகிறேன். மருத்துவர் சொன்னதை நான் டெஸ்மண்டிடம் சொல்லவில்லை. தெரிந்தேதான் வாரா வாரம் வாங்கிக் கொடுத்தேன். அவர் கூப்பிட்டபோது என்ன நடக்கிறது என்று தெரிந்தும் இரண்டு வகுப்புகள் எடுத்தேன். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இந்த நாட்டில் எனக்காக வாய் திறந்த ஒரே மனிதர் அவர்.

இன்று காலை உங்கள் ஆள் ஒருவர் வந்து, குராமோச்சி பேராசிரியர் கேட்டதாகச் சொன்னார். விலகிப் போகிறவர் அடுத்த ஆளைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது வழக்கமாம், வியாழக்கிழமைக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று. அவரிடம் சொல்லிவிடுங்கள், நான் யாரையும் சொல்லப் போவதில்லை. அதைக் கொடுக்க நான் யார்? அந்த வகுப்புகள் டெஸ்மண்டுடையவை. அவர் வரும்வரை துண்டு போட்டு வைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், இன்றுவரை அதிலிருந்து நான் தவறவில்லை.